ஜென்னுக்குள் எஸ்டீம் 1.3 இன்ஜினா, பெலினோ 1.6 இன்ஜினா? ராலிக்கு வண்டி தயார் செய்ய யோசனை வேண்டும்

உச்சிப்புளி_ஜென்:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 2001 மாடல் மாருதி ஜென் இருக்கிறது. எம்பிஎஃப்ஐ (கணினி கட்டுப்படுத்தும் பெட்ரோல் இன்ஜெக்ஷன்), டிஎன் 65 பதிவு. 993 சிசி இன்ஜின் நீலப் புகை விடுகிறது. அதைப் பிரித்து சிலிண்டரை மறுபடி கடைந்து போர் போடுகிற செலவில் பெரிய இன்ஜினாகவே மாட்டி, கிராவல் (மண், சரளைத் தடம்) ராலிக்குத் தயார் செய்யலாம் என்று எண்ணம்.

மதுரையில் இரண்டு இன்ஜின் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று எஸ்டீம் எம்பிஎஃப்ஐ 1.3, ஜி13பிபி. கியர்பாக்ஸ், வயரிங், ஈசியு (இன்ஜின் கணினி) எல்லாம் சேர்த்துத் தருகிறார்கள். இன்னொன்று பழைய பெலினோ செடானின் 1.6, ஜி16பி, இன்ஜின் மட்டும். விலை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எதை எடுக்கலாம்? டிரைவ் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி), ரேடியேட்டர் எதெல்லாம் மாற்ற வேண்டும்? வண்டி நிற்பது கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். பயிற்சி ஓட்டத்துக்குக் கிடைப்பது காய்ந்த கண்மாயும் கருவேலங்காட்டுத் தடமும்தான். உப்புக்கும் புழுதிக்கும் தனியாக என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

சாயல்குடி_கிராவல்:

தம்பி, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் எந்தப் பிரிவில் ஓட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஹோமோலோகேஷன் (கம்பெனி மாடலுக்குக் கிடைத்த பந்தய அங்கீகாரம்) அடிப்படையிலான குரூப் என் வகையில் அந்த மாடலுக்குரிய இன்ஜின்தான் இருக்க வேண்டும். ஜென்னில் எஸ்டீம் இன்ஜின் ஏறிய உடனே நீங்கள் மாற்றியமைத்த வண்டிகளின் திறந்த பிரிவுக்குப் போய்விடுவீர்கள். அங்கே சிசி எல்லை எது, இன்ஜின் மாற்றம் அனுமதியா என்பது அந்தந்தப் போட்டியின் துணை விதிமுறையில் இருக்கும். எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) உரிமம் எடுக்கும்போதே அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள். பொதுவாக 1400 சிசி ஒரு கோடு, 1600 சிசி அடுத்த கோடு. எஸ்டீமின் 1298-ம் பெலினோவின் 1590-ம் அந்த 1400 கோட்டுக்கு இருபுறமும் விழுகின்றன. 1.6 எடுத்தால் மோதப் போவது உங்களைவிட நன்றாகச் செலவு செய்தவர்களோடு.

அடுத்து ஆர்டிஓ. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக இன்ஜினை மாற்ற முன் அனுமதி வேண்டும். ராலியில் ஒரு ஸ்டேஜிலிருந்து (நேரம் பார்த்து ஓட்டும் பகுதி) அடுத்ததற்குப் போகிற தூரம் பொதுச் சாலை. பதிவும் இன்சூரன்ஸும் இன்ஜின் நம்பரோடு ஒத்துப்போகாமல் அங்கே ஓட்ட முடியாது. இன்ஜின் வாங்கும்போது அந்த வண்டியின் ஆர்சி நகல், விற்பனை ரசீது, என்ஓசி (தடையில்லாச் சான்று) மூன்றையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால் வண்டியை டிரெய்லரில் ஏற்றிப் போய் ஆட்டோகிராஸ் (மூடிய மண் தடத்தில் நடக்கும் போட்டி) மட்டும் ஓட்டலாம்.

நேரம், வேகம், தூரம் கணக்கிடும் டிஎஸ்டி ராலிதான் முதல் திட்டம் என்றால் இந்த வேலையே தேவையில்லை. அதற்கு நல்ல டிரிப்மீட்டரும் நிதானமான நேவிகேட்டரும் போதும்.

மண்டபம்_லேத்:

1.3 எடுங்கள். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

மூன்று இன்ஜினும் சுசுகியின் ஜி குடும்பம்தான், அலுமினியம் பிளாக். உங்கள் ஜென்னுடையது 72 மிமீ போர் (சிலிண்டர் விட்டம்), 61 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). எஸ்டீம் 74, 75.5. பெலினோ 75, 90. போரில் பெரிய மாற்றம் இல்லை, ஸ்ட்ரோக்தான் ஏறிக்கொண்டே போகிறது. 90 மிமீ ஸ்ட்ரோக்குக்காக 1.6 பிளாக்கின் உயரம் கூடுகிறது. அதனால் பானெட் இடைவெளி, எக்ஸாஸ்ட் டவுன் பைப் நீளம், மேல் பக்க மவுண்டிங் எல்லாம் மாறும். ஒவ்வொன்றுக்கும் புதிதாக பிராக்கெட் அடிக்க வேண்டும். 7000 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் 1.6-ல் நொடிக்கு 21 மீட்டர், 1.3-ல் 17.6 மீட்டர். கிராவலில் சக்கரம் மண்ணைவிட்டு எழும்பும்போதெல்லாம் இன்ஜின் ஆர்பிஎம் எல்லைவரை எகிறும். பழைய கனெக்டிங் ராட் போல்ட்டோடு அந்த 21 மீட்டரை நம்ப வேண்டாம்.

சக்தியைப் பார்த்தால் உங்கள் ஜென் 60 பிஎச்பி, எஸ்டீம் 85, பெலினோ 94. முதல் படி 25 குதிரை தருகிறது, அடுத்த படி 9 மட்டும்தான். ஜென்னின் எடை ஏறக்குறைய 765 கிலோ. 85 பிஎச்பியே அதற்குத் தாராளம்.

உதிரிபாகமும் ஒரு காரணம். ஜி13பிபி எஸ்டீமில் மட்டும் வரவில்லை. வெர்சாவிலும் ஜிப்சி எம்பிஎஃப்ஐயிலும் அதுதான். ஜிப்சி வெகுகாலம் ராணுவத்துக்குப் போனதால் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் இன்றைக்கும் தேடினால் கிடைக்கும். ஆனால் முழு ஜிப்சி இன்ஜினை வாங்கி அப்படியே ஜென்னில் இறக்க முடியாது. அது நீளவாக்கில் உட்காரும் இன்ஜின். சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி), ஆயில் பிக்கப், மேனிஃபோல்டு, தண்ணீர் அவுட்லெட் ஆகியவற்றை எஸ்டீமிலிருந்து மாற்றிப் போட வேண்டும்.

வாங்கும் முன் கம்ப்ரஷன் பாருங்கள். நான்கு பிளக்கும் கழற்றி, த்ராட்டில் முழுக்கத் திறந்து, நல்ல பேட்டரியோடு சுற்றினால் 14 கிலோ அளவில் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே ஒரு சிலிண்டர் இருந்தாலும், இரண்டு சிலிண்டருக்கு நடுவே 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் விட்டுவிடுங்கள். பிறகு தெர்மோஸ்டாட் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். இந்தப் பக்கம் ஓடிய வண்டி என்றால் போர்வெல் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் ஹெட் கேஸ்கட் உட்காரும் விளிம்பும் அரித்திருக்கும். ஹெட்டைக் கழற்றி நேர்கோல் வைத்து 0.05 மிமீ ஃபீலர் நுழைகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

மாட்டும் முறை: எஸ்டீம் இன்ஜின், அதன் ஃப்ளைவீல், கிளட்ச் செட், அதன் கியர்பாக்ஸ் நான்கையும் ஒரே கட்டாக வையுங்கள். ஜென் கிளட்ச் பிளேட்டை எஸ்டீம் ஃப்ளைவீலோடு கலந்தால் ஸ்ப்ளைனும் (ஷாஃப்ட்டின் பல்வரி) விட்டமும் ஒத்துவராமல் வழுக்கும். பாடிப் பக்கம் ஜென் மவுண்டிங், இன்ஜின் பக்கம் அதோடு பொருந்தும் பிராக்கெட். எல்லாப் போல்ட்டையும் விரலால் மட்டும் ஏற்றி, இன்ஜினைத் தானாக உட்கார விட்டு, இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டும் சுலபமாகச் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகு முறுக்குங்கள். ஒரு மூலையை முதலில் முறுக்கிவிட்டு மற்றதைக் கடப்பாரையால் நெம்பி ஏற்றினால் ரப்பர் ஒரு மாதத்தில் கிழியும். டார்க் (முறுக்கு விசை) தாங்குகிற பின் மவுண்டிங்கை மட்டும் 70 முதல் 80 ஷோர் (கடினத்தன்மை அளவு) பாலியூரித்தேனில் வார்த்துப் போடலாம். எல்லா மவுண்டிங்கையும் கெட்டியாக்கினால் பாடியில் விரிசல் விழும். டவுன் பைப்பில் வளையும் பெல்லோஸ் கட்டாயம், இல்லையென்றால் ஃப்ளேஞ்ச் அருகே வெடிக்கும்.

தொண்டி_வேகம்:

1.6-ஐ இவ்வளவு சுலபமாகத் தள்ள வேண்டாம் அண்ணே. அதன் பலம் பிஎச்பியில் இல்லை. எஸ்டீம் டார்க் 110 நியூட்டன் மீட்டர், பெலினோ 130, அதுவும் 3000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். கண்மாய்க்குள் மணலும் வண்டலும் மாறி மாறி வரும் இடத்தில் கியரை இறக்காமலே இழுத்துக்கொண்டு வெளியேறலாம். பானெட் உயரத்துக்கு ஒரு ஸ்கூப் (காற்றுத் திறப்பு) வெட்டினால் வேலை முடிந்தது.

மண்டபம்_லேத்:

டார்க் பற்றிச் சொன்னது சரி தம்பி. சிக்கல் அந்த டார்க் எங்கே போய் விழுகிறது என்பதில்தான். முன் சக்கர டிரைவ், லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுப்பது) கிடையாது, குறுகிய டயர். மணலில் 1.3-ன் டார்க்கே ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் குழி தோண்டிவிடும். மிச்சம் இருக்கிற 20 நியூட்டன் மீட்டர் சிவி ஜாயின்ட்டுக்குத்தான் (டிரைவ் ஷாஃப்ட் முனையின் வளையும் மூட்டு) அடி. அவரிடம் 1.6-க்குக் கியர்பாக்ஸும் இல்லை, வயரிங்கும் இல்லை. அதற்குப் போகிற பணத்தில் 1.3-க்கு நல்ல ஷாக் அப்சார்பர் வாங்கலாம். கிராவலில் நேரத்தைக் குறைப்பது முதலில் ஷாக், பிறகு டயர், அதற்குப் பிறகுதான் இன்ஜின். ஸ்கூப் வெட்டினால் புழுதியும் உப்புக் காற்றும் நேராக இன்ஜின் மேல் விழும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு கியரின் மொத்த விகிதம் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு இன்ஜின் எத்தனை சுற்று) எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பீர்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பிளக் நான்கையும் கழற்றி, இரண்டாம் கியரில் போடுங்கள். ஒரு முன் சக்கரத்தை அசையாமல் கட்டிவிட்டு மற்றதைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். கிராங்க் புல்லி எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் அந்தக் கியரின் மொத்த விகிதம். 175/70 ஆர்13 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.8 மீட்டர். ஆகவே ஆர்பிஎம்மை 0.108 ஆல் பெருக்கி விகிதத்தால் வகுத்தால் கிலோமீட்டர் வேகம் வரும். விகிதம் 7.5 என்றால் 7000 ஆர்பிஎம்மில் 100 கிமீ. நம்முடைய குறுகிய தடத்தில் இரண்டாம் கியர் 85 முதல் 90 கிமீ வேகத்துக்குள் முடிந்தால்தான் வளைவிலிருந்து எழுந்து வரும்.

உச்சிப்புளி_ஜென்:

நன்றி அண்ணே. 1.3 என்று முடிவு செய்துவிட்டேன். பேப்பர் மூன்றும் இருக்கிறது என்கிறார்கள், பார்த்துத்தான் வாங்குவேன். இரண்டு சந்தேகம் பாக்கி. எஸ்டீம் ஷாஃப்ட்டை அப்படியே போடலாமா? வெயிலில் ஜென் ரேடியேட்டர் தாங்குமா?

மண்டபம்_லேத்:

ஷாஃப்ட்டை அப்படியே போட முடியாது. எஸ்டீம் ஜென்னைவிட அகலமான வண்டி, அதன் ஷாஃப்ட் நீளம். மாட்டினால் சஸ்பென்ஷன் அழுந்தும்போது உள் ஜாயின்ட் முட்டி, கியர்பாக்ஸ் கேஸிங்கையே உடைக்கும். உள் பக்கம் எஸ்டீம் ஜாயின்ட், வெளிப்பக்கம் ஜென் ஹப்புக்கு ஏற்ற ஜாயின்ட், நடுவே புதிய கம்பி. அந்தக் கம்பியை இஎன்24 என்கிற உறுதியான எஃகில் கடைந்து, ஸ்ப்ளைன் வெட்டி, ஹீட் ட்ரீட்மென்ட் கொடுக்க வேண்டும். பழையதை வெட்டி நடுவில் வெல்டு வைக்கவே கூடாது, முதல் குதிப்பிலேயே முறுக்கிக்கொண்டு போகும். விசைப்படகு ஷாஃப்ட் கடைகிற பட்டறையில் கடைசல் சுத்தமாக இருக்கும், ஆனால் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு மதுரைக்குத்தான் அனுப்ப வேண்டும். நீளத்தை முடிவு செய்ய ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை முழுக்க மேலேயும் முழுக்கக் கீழேயும் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு நிலையிலும் உள் ஜாயின்ட் உள்ளே போகவும் வெளியே வரவும் 10 மிமீயாவது மிச்சம் இருக்க வேண்டும்.

கியர் ஆயில் 75டபிள்யூ-90, ஜிஎல்-4. ஜிஎல்-5 என்று எழுதியதை ஊற்றினால் பித்தளை சிங்க்ரோ ரிங் அரித்து, சீக்கிரமே மூன்றாம் கியர் கரகரக்கும்.

ரேடியேட்டர் மாற்றியே ஆக வேண்டும். இரண்டு வரிசை கோர், அலுமினியமானால் இன்னும் நல்லது. மூடி 0.9 பார், தெர்மோஸ்டாட் 82 டிகிரி. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. அப்படிச் செய்தால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது. கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. ராமநாதபுரம் மாவட்டத்துப் போர்வெல் தண்ணீர் ஒரு லிட்டர்கூட உள்ளே போகக் கூடாது. அவசரத்துக்குக் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் ஊற்றலாம், ஊர் திரும்பியதும் வடித்துவிடுங்கள். முன்பக்கம் ஜாக்கியில் உயர்த்தி வைத்து, ஹீட்டரைத் திறந்து விட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி ஏர் எடுக்க வேண்டும். காற்று மாட்டிக்கொண்டால் மீட்டர் நார்மல் காட்டும்போதே ஹெட் வளைந்துவிடும்.

கீழக்கரை_வயர்:

வயரிங் பக்கம் நான் சொல்கிறேன். எஸ்டீம் வயரிங் ஹார்னஸ் முழுதாகக் கிடைப்பதால் வெட்டாமல் மாட்டுங்கள். ஈசியு, அதன் ரிலே, ஃப்யூஸ், சென்சார் எல்லாம் ஒரே வண்டியுடையதாக இருக்க வேண்டும். அதில் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) இருந்தால் அதே வண்டியின் சாவியும் அதன் யூனிட்டும் சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் பெட்ரோலும் வராது, பொறியும் வராது.

இந்தக் கடலோரத்தில் இன்ஜின் நின்றுபோவதற்கு முதல் காரணம் எர்த் இணைப்பு சரியில்லாதது. இன்ஜினிலிருந்து பாடிக்கு 16 சதுர மிமீ ஸ்ட்ராப் இரண்டு, பேட்டரி நெகட்டிவிலிருந்து கியர்பாக்ஸுக்கு நேராக ஒன்று. பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் தகரத்தில் முறுக்கி, மேலே கிரீஸ் பூசி மூடுங்கள். வயர் டின் பூசிய செம்பாக இருந்தால் உப்பு உள்ளே ஏறிப் பச்சை பூக்காது. படகு சாமான் கடையில் கேட்டுப் பாருங்கள். ஜாயின்ட் எங்கே இருந்தாலும் கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றினால் அது ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். ஈசியுவைக் காலடியில் வைக்காமல் டாஷ்போர்டுக்குப் பின்னால் மேலே ஏற்றுங்கள், கனெக்டர் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும்.

பெட்ரோல் லைன்: இப்போது பங்கில் வருவது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்). 2001 வண்டியின் ரப்பர் ஹோஸ் அதற்கு ஊறி உப்பும். எத்தனால் தாங்கும் உயர் அழுத்த ஹோஸ் போடுங்கள். ஈரக் காற்றில் டேங்க் பாதி காலியாக மாதக்கணக்கில் நின்றால் எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு அடியில் பிரியும். நிறுத்தி வைக்கும்போது டேங்க் நிரப்பி வையுங்கள். பழைய ஈசியு இ20-க்காகச் செய்யப்பட்டதில்லை. சாதாரண ஓட்டத்தில் ஆக்ஸிஜன் சென்சார் திருத்திக்கொள்ளும். ஆனால் முழு த்ராட்டிலில் திருத்தம் கிடையாது. சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்றால் இ20-க்கு 13.5 அளவில்தான் சமநிலை. அதாவது 8 சதவீதம் மெலிந்து (பெட்ரோல் குறைந்து) ஓடும். வைட்பேண்ட் (துல்லியமான ஆக்ஸிஜன் சென்சார்) மாட்டி முழு த்ராட்டிலில் லாம்டா (1 என்றால் சமநிலை, குறைந்தால் பெட்ரோல் கூடுதல்) பாருங்கள். 0.86 முதல் 0.88 வரை நல்லது. 0.90 தாண்டினால் ஃப்யூயல் பிரஷரைப் பாருங்கள், பிறகு பிக்கிபேக் (ஈசியுவோடு சேர்க்கும் துணைக் கணினி) வைத்துத் திருத்துங்கள்.

சாயல்குடி_கிராவல்:

இன்ஜின் இறங்குவதற்கு முன், காலி பாடி இருக்கும்போது செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு கை நுழையாது.

ஸ்ட்ரட் டவர் (சஸ்பென்ஷன் மேலே பிடிக்கும் இடம்), ஃபுளோர் ஓரம், சில் (கதவுக்குக் கீழ் விளிம்பு), லோயர் ஆர்ம் பிடிக்கிற இடம் எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கடலோர வண்டியில் பெயின்ட் முழுசாக இருக்கும், உள்ளே தகரம் இருக்காது. துரு உள்ள இடத்தில் பேட்ச் ஒட்டாமல் நல்ல தகரம் வரை வெட்டி எடுங்கள். டவர் தையல்களில் 25 மிமீ வெல்டு, 40 மிமீ இடைவெளி என்று விட்டு விட்டு வையுங்கள். தொடர்ச்சியாக வைத்தால் தகரம் வளையும். முடிந்ததும் ப்ரைமர், உள் அறைகளுக்கு மெழுகு ஸ்பிரே.

ரோல் கேஜ் (வண்டி புரண்டால் உள்ளே இருப்பவர்களைக் காக்கும் குழாய்க் கூடு): ஜாயின்ட் இல்லாத குளிர் இழுப்புக் குழாய். மெயின் ஹூப் 45 மிமீ விட்டம், 2.5 மிமீ கனம், அல்லது 50-க்கு 2. மற்றவை 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2. கடையில் கிடைக்கும் ஜிஐ குழாயில் செய்தால் ஸ்க்ரூட்டினியில் (போட்டிக்கு முந்தைய வண்டிப் பரிசோதனை) திருப்பி அனுப்புவார்கள், அனுப்பாவிட்டால் இன்னும் மோசம். புரளும்போது அது மடங்கும். சீட், சீட் பெல்ட் ஹார்னஸ், 2 கிலோ தீயணைப்பான், வெளியிலிருந்தும் இழுக்கக்கூடிய கட் ஆஃப் சுவிட்ச் எல்லாம் இன்ஜின் பட்ஜெட்டுக்கு முன்னால் எழுத வேண்டியவை.

சம்ப் கார்டு 6 மிமீ அலுமினியம். சம்ப்புக்கும் அதற்கும் 20 மிமீயாவது இடைவெளி விடுங்கள், ஒட்டி இருந்தால் கல் அடித்த அடி நேராகச் சம்ப்பில் இறங்கும். பின் விளிம்பைத் திறந்து விடுங்கள், மூடினால் மணல் உள்ளே சேர்ந்து கெட்டியாகி சூடு வெளியேறாது.

கண்மாய் வண்டல் பவுடர் மாதிரி மெல்லியது. கூம்பு வடிவத் திறந்த ஃபில்டர் வேண்டவே வேண்டாம். கம்பெனி ஃபில்டர் பாக்ஸையே வைத்து, பேப்பர் எலிமென்ட்டுக்கு வெளியே எண்ணெய் தோய்த்த ஃபோம் உறை போடுங்கள், விளிம்பில் கிரீஸ் தடவுங்கள். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ஃபில்டருக்கு அடுத்த ஹோஸுக்குள் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்பு வந்தால் எங்கோ ஒழுகுகிறது. அப்படியே ஓட்டினால் ரிங் தேய்ந்து புது இன்ஜினும் நீலப் புகைதான்.

பிரேக் ஆயில் டாட் 4, ஈரக் காற்று என்பதால் ஒவ்வொரு போட்டிக்கும் புதிது. பஞ்சர்: சீமைக்கருவேல முள் டயரின் பக்கவாட்டில் ஏறினால் பஞ்சர் அடைக்கும் ப்ளக் நிற்காது. இரண்டு ஸ்பேர், ட்யூப் ஒன்று, முள் பிடுங்க ஒரு குறடு.

தனுஷ்கோடி மணலிலோ மற்ற கடற்கரையிலோ பயிற்சி ஓட்ட வேண்டாம். அந்தக் கடலோரம் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தை ஒட்டியது, அங்கே டயர் பதியக் கூடாது. வண்டிக்கும் கேடு, ஈர உப்பு மணல் ஹப் பேரிங் சீலுக்குள் ஏறிவிடும். உரிமையாளர் அனுமதி வாங்கிய தனிநிலம் போதும். முதல் 300 கிலோமீட்டர் 4000 ஆர்பிஎம் தாண்டாமல் ஓட்டி, ஆயிலை வடித்து, வடித்ததைக் காந்தத்தால் துழாவுங்கள். மவுண்டிங் போல்ட், ஷாஃப்ட் நட், லோயர் ஆர்ம் போல்ட் எல்லாவற்றிலும் பெயின்ட் கோடு போட்டு வைத்தால் எது தளர்ந்தது என்று கண்ணாலேயே தெரியும்.

உச்சிப்புளி_ஜென்:

எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொண்டேன். ஒன்று மட்டும்: முன் பிரேக்கும் எஸ்டீமுடையதைப் போடலாமா?

மண்டபம்_லேத்:

ஸ்ட்ரட்டில் நக்கிள் (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகம்) பிடிக்கும் இரண்டு போல்ட்டின் மைய இடைவெளி, பால் ஜாயின்ட் கூம்பு, ஸ்டீயரிங் ஆர்ம் நீளம் மூன்றையும் வெர்னியரில் அளந்து ஜென்னோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றும் சேர்ந்தால் நக்கிளோடு மாற்றலாம். ஆனால் அப்போது வெளி ஜாயின்ட்டும் எஸ்டீமுடையதாகிவிடும், ஷாஃப்ட் நீளம் மறுபடி மாறும். ஆகவே பிரேக்கை முடிவு செய்த பிறகே ஷாஃப்ட்டைக் கடையக் கொடுங்கள். சேராவிட்டால் ஜென் டிஸ்க்கிலேயே நல்ல பேடும் ஸ்டீல் பின்னல் ஹோஸும் போடுங்கள்.